வறட்சிக்கு எண்ணெய் மாத்திரை: துண்டுத்தாள் கேட்காத கேள்வி

ஏற்காட்டுக்கு வந்துபோகிறவர்கள் மலையிறங்கும்போது பையில் மூன்று சாமான் இருக்கும். காப்பித்தூள், மிளகு, ஏதாவது ஒரு எண்ணெய் பாட்டில். அந்த மூன்றாவது சாமான் ஒரு காலத்தில் நீலகிரித் தைலமாகவோ எலுமிச்சைப்புல் எண்ணெயாகவோதான் இருக்கும். இப்போது அதே அலமாரியில் எண்ணெய் கேப்சூல்களும் வந்து உட்கார்ந்துவிட்டன. ஆளிவிதை எண்ணெய், ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய், சீ பக்தார்ன் எண்ணெய் என்று பல பெயர். கூடவே ஒரு துண்டுத்தாளும் தருகிறார்கள்.

அந்தத் துண்டுத்தாள்கள் வெள்ளக்கடை வரைக்கும் வந்துவிட்டன. வேறு வேறு கம்பெனிகளுடையதாக ஐந்தாறு சேர்த்துவைத்துப் படித்தேன். சொல்லும் விஷயம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். உடம்பில் எண்ணெய்ப் பசை குறைந்தால் தோலும் கண்ணும் வறண்டுபோகும். வெளியே தடவினால் தற்காலிகம், உள்ளே சாப்பிட்டால் நிரந்தரம். தாவர எண்ணெய் என்பதால் யாரும் சாப்பிடலாம், எவ்வளவு நாளும் சாப்பிடலாம். இந்த மூன்று வாக்கியங்களைத்தான் இந்தக் குறிப்பில் விமர்சிக்கப்போகிறேன். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் எளிதாகத் தூக்கிப்போட முடியவில்லை, எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் 'எண்ணெய்' என்ற சொல்

எள்ளிலிருந்து எடுத்த நெய் என்பதால் எண்ணெய். பிறகு அந்தச் சொல் எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், மண்ணெண்ணெய், எலுமிச்சைப்புல் எண்ணெய் எல்லாமே நமக்கு எண்ணெய்தான். வேதியியலில் இவை ஒரே குடும்பம் இல்லை. செக்கில் ஆட்டி எடுப்பது கொழுப்பு. இலையைக் காய்ச்சி வடித்து எடுப்பது ஆவியாகிப் போகும் வாசனைப் பொருள், அதில் கொழுப்பே கிடையாது. நீலகிரித் தைலத்தைச் சில மில்லி விழுங்கினாலே குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். ஒரே அலமாரியில், ஒரே மாதிரிப் பாட்டிலில் 'இயற்கை எண்ணெய்' என்று இரண்டையும் அடுக்கி வைப்பதே ஆபத்துதான். தாவரத்திலிருந்து வந்தது என்பதால் மட்டும் ஒன்று உள்ளே சாப்பிட ஏற்றதாகிவிடாது. விளக்கெண்ணெயும் தாவர எண்ணெய்தான். அதை யாரும் எவ்வளவு நாளும் குடிக்கலாம் என்று சொல்லிப் பாருங்க, வீட்டில் பாட்டி சிரிப்பாங்க.

இனி இந்தக் குறிப்பில் எண்ணெய் என்றால் கொழுப்பெண்ணெய் மட்டும்.

எண்ணெய் உண்மையிலேயே குணமாக்கிய கதை

துண்டுத்தாளின் முதல் வாக்கியம் காற்றிலிருந்து வந்ததல்ல. 1929-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி கொடுத்து வளர்த்தார்கள். எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது, வால் புண்ணானது, வளர்ச்சி நின்றது. லினோலிக் அமிலம் உள்ள எண்ணெயைச் சிறிதளவு கொடுத்ததும் தேறின. உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத, உணவில் வந்தே தீர வேண்டிய கொழுப்பு ஒன்று உண்டு என்பது அப்படித்தான் தெரிந்தது. தோலின் மேல்படலத்தில் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் தடுக்கும் செராமைடு என்ற பொருளைக் கட்ட லினோலிக் அமிலம் நேரடியாகத் தேவைப்படுகிறது. ஆக எண்ணெய்க்கும் தோல் வறட்சிக்கும் தொடர்பு இருப்பது உண்மை.

ஆனால் அதே ஆய்வகத்திலிருந்து வந்த இன்னொரு செய்தியைத் துண்டுத்தாள் சொல்வதில்லை. வில்லியம் பிரவுன் என்ற ஆய்வாளர் ஆறு மாதம் கொழுப்பு அறவே குறைந்த உணவைத் தானே சாப்பிட்டுப் பார்த்தார். 1938-ல் முடிவு வெளியானது. அவருடைய தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த ஒரு மனிதரின் உடம்பில் இந்த அமிலம் சேமிப்பாகவே கிடக்கிறது, ஆறு மாதத்தில் தீர்ந்துபோவதில்லை. அதுவே கைக்குழந்தை என்றால் கதை வேறு. ஆரில்ட் ஹான்சன் குழு 428 குழந்தைகளை வைத்துச் செய்து 1963-ல் வெளியிட்ட ஆய்வில், லினோலிக் அமிலம் மிகக் குறைந்த பால் கலவை குடித்த குழந்தைகளுக்குத் தோல் வறண்டு தடித்து உரிந்தது. அமிலத்தைச் சேர்த்ததும் சரியானது.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் தோல் முள் முள்ளாகச் சொரசொரத்துப்போகும் ஒரு நிலை, பள்ளிக்கூட வயசுப் பிள்ளைகளிடம் அதிகம் பார்க்கலாம். தேரையின் தோலைப் போல இருப்பதால் 'ஃபிரினோடெர்மா' என்று 1933-ல் பெயர் வைத்தவர் கொழும்பில் பணிபுரிந்த லூசியஸ் நிக்கல்ஸ். வைட்டமின் ஏ குறைவுதான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். 1947-ல் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் இதன் காரணத்தை ஆராய்ந்து எழுதியவர் சி. கோபாலன். நம்ம மலைக்குக் கீழே சேலத்தில் 1918-ல் பிறந்தவர், பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பு வரைக்கும் போனவர். அந்தக் காலகட்ட ஆய்வுகளுக்குப் பிறகு பார்வை வைட்டமின் ஏ-யிலிருந்து அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்கள் பக்கமும் திரும்பியது. அந்த ஆய்வகம் 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறியது. அங்கே பி-குழு வைட்டமின்கள், வைட்டமின் ஈ, குசும்பா எண்ணெய் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார்கள். 1988-ல் அங்கிருந்து வந்த கட்டுரையின் தலைப்பே, இது கொழுப்பு அமிலக் குறைபாட்டு நோய்தானா என்று கேள்விக்குறியோடு முடிகிறது. நாற்பது வருஷம் ஆராய்ந்தவர்கள் கேள்விக்குறி போடுகிறார்கள். துண்டுத்தாளோ ஆச்சரியக்குறி போடுகிறது.

இந்தக் கதைகளிலிருந்து கிடைப்பது ஒன்றுதான். குறைந்துபோனவர்களுக்கு எண்ணெய் மருந்து. குறையாதவர்களுக்கு அது இன்னும் கொஞ்சம் எண்ணெய், அவ்வளவுதான்.

உங்க அடுக்களையில் எவ்வளவு இருக்கு?

அப்படியென்றால் நமக்குக் குறைகிறதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அதில் 2.5 சதவீதம் லினோலிக் அமிலமாக வர வேண்டும் என்பது உலக அளவிலான பரிந்துரை. அதாவது ஐந்தரை கிராம். நல்லெண்ணெயில் சுமார் 40 சதவீதத்துக்கு மேல் லினோலிக் அமிலம். கடலெண்ணெயில் 30 சதவீதம் பக்கம், சூரியகாந்தியில் 60 பக்கம். பாமாயிலில் 10, தேங்காயெண்ணெயில் 2 தான். தாளிக்கவும் இட்லிப் பொடிக்குமாகச் சேர்த்து இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் சேர்த்தாலே கிட்டத்தட்ட 4 கிராம் வந்துவிடும். மீதி அரிசி, பருப்பு, வேர்க்கடலையிலிருந்து வந்துவிடும்.

ஆளிவிதைக்கு ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒமேகா-3 வகையைச் சேர்ந்த ஆல்பா லினோலெனிக் அமிலம் நம் சமையல் எண்ணெய்களில் குறைவு. ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கு மேல் அதுதான். ஒரு நாளைக்குச் சுமார் 1 கிராம் தேவை. நான் பார்த்த டப்பாவில் ஒரு கேப்சூல் 500 மில்லிகிராம், தினம் இரண்டு. அப்படியென்றால் 1 கிராம் எண்ணெய், அதில் அந்த அமிலம் அரை கிராம் சொச்சம். ஆளிவிதையை வறுத்துப் பொடித்து ஒரு மேசைக்கரண்டி, அதாவது 7 கிராம் சாப்பிட்டால் 1.6 கிராம் கிடைக்கும். மூன்று மடங்கு. பருப்புப் பொடியோடு சேர்த்து இடித்தால் தெரியவே தெரியாது. இதை ஏன் கேப்சூலில் அடைத்து விற்கிறார்கள் என்பதற்கு உடம்பைப் பற்றிய காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

தோல் பற்றிய ஆய்வுகள்

"ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்ற வரி எல்லாத் துண்டுத்தாளிலும் இருக்கிறது. ஆராய்ச்சி இருப்பது உண்மைதான். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில் பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து 12 வாரம் ஒரு குழுவுக்கு ஆளிவிதை எண்ணெயும் மற்றதுக்குக் குசும்பா எண்ணெயும் கொடுத்தார்கள். ஆளிவிதைக் குழுவில் தோலிலிருந்து நீர் ஆவியாவது குறைந்தது, சொரசொரப்பும் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் ஒவ்வொரு குழுவிலும் 13 பேர். இரண்டையும் கூட்டினால் மலையேறும் ஒரு பஸ்ஸில் பாதி இருக்கைகூட நிறையாது.

ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய்க்கு இதைவிடப் பெரிய சோதனைகள் நடந்திருக்கின்றன. வறண்டு அரிக்கும் எக்ஸிமாவுக்கு அதையும் போரேஜ் எண்ணெயையும் வாய்வழியாகக் கொடுத்த 27 ஆய்வுகளை, மொத்தம் 1596 பேரை, காக்ரேன் மதிப்பாய்வு 2013-ல் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தது. வெறும் மாத்திரைக்கும் இதுக்கும் பலனில் வித்தியாசம் இல்லை. பிரிட்டனில் இந்த எண்ணெயை எக்ஸிமாவுக்கு மருந்தாக விற்கக் கொடுத்திருந்த உரிமத்தை, போதிய ஆதாரம் இல்லை என்று 2002-லேயே திரும்பப் பெற்றுவிட்டார்கள். மருந்து என்ற தகுதியை இழந்த பொருள் 'சப்ளிமென்ட்' என்ற பெயரில் நம்ம கடைக்கு வந்திருக்கிறது.

"வெளியே தடவினால் தற்காலிகம்" என்ற ஏளனத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். தற்காலிகம்தான். குளிப்பதும் தற்காலிகம்தான், தினமும் குளிக்கிறோம் இல்லையா? பிலிப்பைன்ஸில் 2004-ல் தோல் வறட்சி உள்ள 34 பேருக்கு இரண்டு வாரம் தேங்காயெண்ணெயும் மினரல் ஆயிலும் தடவிப் பார்த்தார்கள். இரண்டுமே தோலின் ஈரத்தைக் கூட்டின. இதுவும் சின்ன ஆய்வுதான். ஆனால் செலவு கொஞ்சம், பலன் அன்றைக்கே கைக்குத் தெரிகிறது. மார்கழி, தை மாதக் காற்றில் இங்கே கால் ஆடுசதை வெடித்துப்போகும்போது, குளித்த ஈரம் காயும் முன்னே எண்ணெய் தடவுவதும், காரமான சோப்பையும் கொதிக்கக் கொதிக்க வெந்நீரையும் குறைப்பதும்தான் முதல் வேலை. தடவுகிற எண்ணெயிலும் பேதம் உண்டு. ஆலிவ் எண்ணெய் தோலின் மேல்படலத்தைப் பலவீனப்படுத்துவதாக இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்த ஓர் ஆய்வு 2013-ல் சொன்னது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை.

கண் பற்றிய ஆய்வுகள்

நம் கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. அடியில் சளி போன்ற ஒரு படலம், நடுவில் நீர், மேலே மெல்லிய கொழுப்பு. அந்தக் கொழுப்பை இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகள் சுரக்கின்றன. போன், கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறைகிறது. கொழுப்புப் படலம் சரியாகப் பரவாமல் நீர் ஆவியாகிவிடுகிறது. இங்கேதான் துண்டுத்தாளின் வாதம் கவர்ச்சியாக இருக்கிறது. கண்ணீரில் எண்ணெய் இருக்கு, எண்ணெய் குடிச்சா கண்ணுக்குப் போகும்! அப்படிப் பார்த்தால் தலைமுடி சாப்பிட்டால் முடி வளரணும்.

இதைப் பெரிய அளவில் சோதித்தது அமெரிக்காவில் நடந்த 'ட்ரீம்' என்ற ஆய்வு. 2018-ல் வெளியானது. கண் வறட்சி உள்ள 535 பேர், ஒரு வருஷம். ஒரு குழுவுக்கு மீன் எண்ணெயிலிருந்து தினம் 3000 மில்லிகிராம் ஒமேகா-3. மற்ற குழுவுக்கு ஒப்பீட்டுக்காக ஆலிவ் எண்ணெய். தொந்தரவை அளக்கும் மதிப்பெண் முதல் குழுவில் 13.9 குறைந்தது, இரண்டாவதில் 12.5 குறைந்தது. புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை.

இந்த ஆய்வை இரண்டு தரப்பும் தங்களுக்கு வசதியாகப் படிக்கிறார்கள். 'ஒமேகா-3 வேஸ்ட்' என்பது ஒரு தரப்பு. 'ஒப்பீட்டுக்குக் கொடுத்த ஆலிவ் எண்ணெயே மருந்தாக வேலை செய்திருக்கு, பார்த்தீங்களா?' என்பது இன்னொரு தரப்பு. இரண்டாவது வாதத்தை நான் உடனே தள்ளமாட்டேன். எண்ணெய்க்கு எதிராக எண்ணெயையே நிறுத்தியது அந்த ஆய்வின் பலவீனம்தான். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். ஒரு வருஷம் கவனிப்பில் இருந்தால், மருத்துவரை அடிக்கடி பார்த்தால், எதுவுமே கொடுக்காவிட்டாலும் பலருக்குத் தொந்தரவு குறையும். மோசமாக இருக்கும்போதுதான் ஆய்வில் சேர்கிறோம், அதற்குப் பிறகு தானாகவே கொஞ்சம் இறங்கும். ஆலிவ் எண்ணெய் வேலை செய்தது என்று நிரூபிக்க, எண்ணெயே இல்லாத மூன்றாவது குழு வேண்டும். அது அங்கே இல்லை.

சரி, இது மீன் எண்ணெய், தாவர எண்ணெய் இல்லையே என்பீர்கள். அதுதான் விஷயம். ஆளிவிதையில் இருக்கும் ஒமேகா-3, மீனில் இருக்கும் வடிவமாக நம் உடம்பில் மாறுவது மிகக் கொஞ்சம், பத்து சதவீதத்துக்கும் கீழே. மாறிய வடிவத்தையே தினம் 3 கிராம் நேராகக் கொடுத்தும் தனிப் பலன் தெரியவில்லை. அரை கிராம் கேப்சூல் இரண்டில் என்ன எதிர்பார்ப்பது?

சீ பக்தார்ன் பற்றி நேர்மையாகச் சொன்னால் கொஞ்சம் நல்ல செய்தி உண்டு. பின்லாந்தில் இலையுதிர் காலம் தொடங்கிக் குளிர்காலம் வரை மூன்று மாதம் தினம் 2 கிராம் கொடுத்த ஆய்வு 2010-ல் வந்தது. குளிர் ஏற ஏறக் கண்ணீரின் அடர்த்தி எல்லாருக்கும் கூடியது, எண்ணெய் சாப்பிட்டவர்களுக்குச் சற்றுக் குறைவாகக் கூடியது. எரிச்சல், சிவப்பு இரண்டிலும் கொஞ்சம் ஆறுதல். லடாக்கில் விளையும் செடி என்பதால் நம் நாட்டிலும் இதற்கு மவுசு. ஆனால் இதுவும் நூறு பேர் அளவிலான ஒரு ஆய்வுதான். இதை வைத்து 'நிரந்தரம்' என்று அச்சடிக்க முடியாது.

இன்னொரு கண் வறட்சி

இதுவரை சொன்னதெல்லாம் காசு வீண் என்ற அளவில் முடிந்துபோகிற விஷயம். இனிமேல் சொல்வது அப்படியில்லை.

இங்கே காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு அக்கா போன தை மாதம் என்னிடம் கேட்டாங்க. "தம்பி, இந்த மாத்திரையைக் குத்தி எண்ணெயைச் சின்னவனுக்கும் ரெண்டு சொட்டு ஊத்துறேன். கண்ணு வறட்சிக்கு நல்லதுதானே?"

"சின்னவனுக்கு என்னக்கா?"

"சாயங்காலம் ஆனா தட்டுத் தடுமாறுறான். முழி பளபளப்பே இல்லாம காஞ்ச மாதிரி இருக்கு."

பையனுக்கு மூன்றரை வயசு. பொழுது சாய்ந்தால் கண் தெரியாதது மாலைக்கண். கண் வறட்சியோடு சேர்ந்து வந்தால் வைட்டமின் ஏ குறைவாக இருக்குமோ என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்த வைட்டமின் இல்லாவிட்டால் கண்ணின் சளிப்படலத்தைச் சுரக்கும் செல்களே அழிந்துபோகும். வெள்ளை விழியில் நுரை ஒட்டிய மாதிரிப் புள்ளி வரும், முற்றினால் கருவிழி கரைந்து பார்வையே போய்விடும். ஆளிவிதை எண்ணெயில் வைட்டமின் ஏ கிடையாது. அதை எத்தனை சொட்டு ஊற்றினாலும் இந்த வறட்சி தீராது, நாள்தான் போகும். மறுநாள் அவங்க நர்சம்மாவிடம் கூட்டிட்டுப் போனாங்க. அட்டையைப் பார்த்தால் இரண்டு தவணை வைட்டமின் ஏ மருந்து விட்டுப்போயிருந்தது. ஒன்பதாவது மாதம் ஒரு லட்சம் யூனிட், அதற்கப்புறம் ஐந்து வயசு வரைக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் யூனிட், மொத்தம் ஒன்பது தவணை. அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பது. 1970-லிருந்து நாட்டில் நடக்கிற திட்டம்.

இதில் கண் மட்டும் சம்பந்தப்பட்டதில்லை. மதுரை அரவிந்த் மருத்துவமனைக் குழுவினர் திருச்சி வட்டாரத்தில் 15,419 குழந்தைகளை வைத்து, அவர்களில் ஒரு குழுவுக்கு வாராவாரம் சிறு அளவில் வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்து 1990-ல் வெளியிட்ட ஆய்வில், கொடுத்த குழந்தைகளிடையே சாவு பாதிக்குப் பாதி, 54 சதவீதம், குறைந்திருந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு இது. ஆனால் நான் சேர்த்து வைத்த துண்டுத்தாள் எதிலும் மாலைக்கண் என்ற சொல்லே இல்லை.

தாவர எண்ணெயில் இந்த வறட்சிக்கு உதவக்கூடியது ஒன்று உண்டு. சுத்திகரிக்காத சிவப்புப் பனையெண்ணெய். அதன் நிறமே பீட்டா கரோட்டின். கேரளத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். சுத்திகரிக்கும்போது அந்தச் சிவப்பு போய்விடும். ஆனால் நம்ம ரேஷன் கடைப் பாமாயில் பாக்கெட்டில் வைட்டமின் ஏ, டி செறிவூட்டப்பட்டது என்று போட்டிருக்கும், பார்த்திருப்பீங்க. தர நிர்ணயப்படி செறிவூட்டிய எண்ணெயில் கிராமுக்கு 6 மைக்ரோகிராமுக்குக் குறையாமல் வைட்டமின் ஏ இருக்கணும். 20 கிராமுக்கு 120. ஒரு நாள் தேவையில் சின்னப் பங்குதான், அதிலும் வறுத்துப் பொரிக்கும்போது கொஞ்சம் போகும். முருங்கைக்கீரைக்கும் பப்பாளிக்கும் அது மாற்றில்லை. ஆனாலும் லிட்டர் 25 ரூபாய் என்று இளக்காரமாகப் பார்க்கும் அந்த எண்ணெயில் கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் இருக்கிறது. நாலு நாள் கூலி கொடுத்து வாங்கிய கேப்சூலில் இல்லை.

டப்பாவைத் திருப்பிப் பாருங்க

மூன்றாவது வாக்கியம், யாரும் எவ்வளவு நாளும் சாப்பிடலாம் என்பது. அந்த டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் இருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி அச்சடித்தே ஆக வேண்டும். நோயைக் குணமாக்கும் என்று சொல்லி விற்கவும் கூடாது. தமிழ்த் துண்டுத்தாள் ஒன்று சொல்கிறது, ஆங்கில லேபிள் நேர்மாறாகச் சொல்கிறது. இரண்டையும் ஒரே கம்பெனிதான் அச்சடிக்கிறது. வாங்குகிறவர் எந்த மொழியைப் படிப்பார் என்று அவர்களுக்குத் தெரியும்.

என் பிரதான குற்றச்சாட்டு இதுதான். வறட்சி என்பது நோயின் பெயர் இல்லை, ஒரு அறிகுறி. எது குறைந்ததால் வறட்சி என்ற கேள்வியை இந்தத் துண்டுத்தாள்கள் ஒரு இடத்திலும் கேட்பதில்லை. பெரியவங்களுக்குத் திடீரென்று தோல் வறண்டு, குளிர் தாங்காமல், உடம்பு பருத்தால் தைராய்டு பார்க்கணும். அடிக்கடி தாகமும் சிறுநீரும் இருந்தால் சர்க்கரை பார்க்கணும். கண்ணும் வாயும் சேர்ந்து உலர்ந்து மூட்டும் வலித்தால் ஷோக்ரன் என்ற நோயா என்று டாக்டர்தான் சொல்லணும். சளி, அலர்ஜிக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளே கண்ணை உலர்த்தும். விறகடுப்புப் புகையும் உறுத்தும். இத்தனைக்கும் ஒரே கேப்சூல் எப்படிப் பதிலாகும்?

கடையில் அடுத்த முறை யாராவது டப்பாவை நீட்டினால், "எனக்கு எது குறைஞ்சிருக்குன்னு இதைக் கொடுக்கறீங்க?" என்று கேட்டுப் பாருங்க. வீட்டில் ஐந்து வயசுக்குக் கீழே பிள்ளை இருந்தால் அட்டையை எடுத்து வைட்டமின் ஏ தவணை எத்தனை போட்டிருக்கு என்று எண்ணிப் பாருங்க. தொப்புளில் எண்ணெய் விட்டால் கண் வறட்சி போகும் என்று சுற்றும் வாட்ஸ்அப் செய்தியைப் பற்றிப் பலர் கேட்டிருக்கீங்க. அதை அடுத்த குறிப்பில் எடுத்துக்கொள்கிறேன்.